இரண்டாம் உலகப் போரில் இறந்த விமானப்படை வீரர்களில் உங்கள் மனதை விட்டு அகலாதவர் யார்?

என் பதில் ஆண்ட்ரூ மைனார்ஸ்கி. கனடாவின் வின்னிபெக் நகரத்துக்காரர். போலந்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். பதினாறு வயதில் அப்பா இறந்துவிட, ரோமத்தோல் ஆடைத் தொழிலில் வேலைக்குப் போய் வீட்டைத் தாங்கினார். 1941இல் கனடா விமானப்படையில் சேர்ந்தார். 1944 ஜூன் 13 அதிகாலையில் வடக்கு பிரான்சில் இறந்தபோது அவருக்கு வயது 27.

அவர் போனது லங்காஸ்டர் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தில். ஏழு பேர் போவார்கள். ஐந்து பேருக்கு முன்பக்கம் இடம். மீதி இருவர் துப்பாக்கி வீரர்கள்: ஒருவர் விமானத்தின் முதுகில் இருக்கும் கூண்டில், இன்னொருவர் வாலின் கடைசி நுனியில். மைனார்ஸ்கி முதுகுக் கூண்டில் இருந்தார், அவருடைய நெருங்கிய நண்பர் பேட் பிராஃபி வாலில்.

அப்படி ஒரு வால் கூண்டை கனடாவின் ஹாமில்டன் விமான அருங்காட்சியகத்தில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு ஆள் தடித்த உடுப்போடு உள்ளே உட்கார்ந்தால் திரும்பக்கூட இடம் இருக்காது. கூண்டு நேராகப் பின்னோக்கி இருந்தால்தான் அதன் கதவு விமானத்துக்குள் திறக்கும். பக்கவாட்டில் திரும்பியிருந்தால் உள்ளே வர வழியில்லை. கூண்டைச் சுழற்றும் விசையோ எஞ்சினிலிருந்து வருவது. எஞ்சின் நின்றால் கூண்டும் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். அந்த இரவில் நடந்தது புரிய இது தெரிந்திருக்க வேண்டும்.

நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. ஜெர்மானியர்கள் ரயிலில் படைகளைக் கொண்டுவந்து குவிக்காமல் தடுக்க, காம்ப்ரே ரயில் நிலையத்தைத் தாக்கும் வேலை மைனார்ஸ்கி இருந்த 419ஆம் அணிக்கு வந்தது. இங்கிலாந்தின் மிடில்டன் செயின்ட் ஜார்ஜ் தளத்தில் விமானத்தின் அருகே காத்திருந்தபோது மைனார்ஸ்கிக்குப் புல்லில் நான்கு இலை க்ளோவர் என்ற சிறு செடி ஒன்று கிடைத்தது. அதிர்ஷ்டத்துக்கு வைத்துக்கொள் என்று அதை பிராஃபியிடம் கொடுத்துவிட்டார். அது அவர்களுடைய 13ஆவது பயணம்.

இலக்கை நெருங்கும்போது ஜெர்மன் இரவுப் போர் விமானம் ஒன்று தாக்கியது. இடதுபக்க எஞ்சின்கள் இரண்டும் போயின. இறக்கையிலும், இரண்டு துப்பாக்கிக் கூண்டுகளுக்கு நடுவிலும் தீ. எல்லோரும் குதியுங்கள் என்று விமானி உத்தரவு கொடுத்தார். மைனார்ஸ்கி தன் கூண்டிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்துவிட்டார், குதிக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது திரும்பிப் பார்த்தார். பிராஃபியின் கூண்டு பக்கவாட்டில் சிக்கி நின்றிருந்தது. கையால் சுற்றும் பிடியும் உடைந்து போயிருந்தது.

தீக்குள் புகுந்து வாலுக்குப் போனார். கோடரியால் அடித்தார், பிறகு வெறுங்கையால் இழுத்தார். கூண்டு அசையவில்லை. இடுப்புக்குக் கீழே உடையில் தீப்பிடித்துவிட்டது, பாராசூட்டிலும்தான். பிராஃபி உள்ளேயிருந்து 'போ, போ' என்று கையசைத்தார். மைனார்ஸ்கி போனார், ஆனால் பிராஃபிக்கு முதுகைக் காட்டவில்லை. தீ வழியாகப் பின்பக்கமாகவே தவழ்ந்து வாசல் வரை போய், அங்கே நிமிர்ந்து நின்று ஒரு சல்யூட் வைத்துவிட்டுக் குதித்தார்.

பிராஃபி அதிகாரி ஆகியிருந்தார், மைனார்ஸ்கி அப்போது ஆகவில்லை. தளத்தில் இருவருக்கும் தங்குமிடம் வேறு வேறு. இரவு பிரியும்போதெல்லாம் மைனார்ஸ்கி விளையாட்டாக விறைத்து நின்று சல்யூட் அடித்து 'குட் நைட், சார்' என்பாராம். அந்தத் தீச்சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை, ஆனால் உதட்டசைவில் அதைத்தான் சொன்னார் என்று பிராஃபி பிற்காலத்தில் சொன்னார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

மைனார்ஸ்கி எரிந்துகொண்டே விழுந்ததைக் கீழே இருந்த பிரெஞ்சு மக்கள் பார்த்தார்கள். தரைக்கு வந்தபோது உயிர் இருந்தது, தீக்காயத்தால் சீக்கிரமே இறந்துபோனார். மெஹாரிகூர் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

விமானம் பிராஃபியோடும் குண்டுகளோடும் தரையில் மோதியது. மரம் ஒன்றில் இடித்து வால் பகுதி பிய்ந்ததில் அவர் வெளியே தூக்கி எறியப்பட்டார். பெரிய காயம் எதுவும் இல்லை! மற்ற ஐந்து பேரும் பாராசூட்டில் இறங்கித் தப்பினார்கள். சிலர் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார்கள். பிராஃபியையும் சிலரையும் பிரெஞ்சுக்காரர்கள் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். ஏழு பேரில் இறந்தது மைனார்ஸ்கி மட்டும்தான்.

அவர் ஏன் என் மனதில் நிற்கிறார் என்றால், இதையெல்லாம் பார்த்த ஒரே ஆள் அந்தக் கூண்டுக்குள் இருந்த பிராஃபிதான். அவரும் செத்திருந்தால் மைனார்ஸ்கி வெளியே குதித்து இறந்த இன்னொரு துப்பாக்கி வீரர், அவ்வளவுதான். பிராஃபி திரும்பி வந்து சொன்னார், அதனால்தான் 1946 அக்டோபரில் மைனார்ஸ்கிக்கு, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அறிவித்தார்கள். பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள், நூற்றுக்கு 44 பேர். வீழ்ந்த பல விமானங்களில் ஏழு பேரும் சேர்ந்தே போனார்கள், திரும்பி வந்து சொல்ல ஆள் இல்லை. லண்டன் அருகே ரன்னிமீடில் ஒரு நினைவகம் இருக்கிறது. கல்லறையே இல்லாத விமானப்படையினர் 20,000க்கும் அதிகமானவர்களின் பெயர்களை அங்கே வெட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் எந்தத் தீக்குள் யாருக்காகத் திரும்பிப் போனார்களோ.

குண்டு போட்டவர்களை ஏன் நினைக்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஹாம்பர்க், டிரெஸ்டன் என்று ஜெர்மன் நகரங்களில் லட்சக்கணக்கான பொதுமக்கள் செத்தார்கள். ரயில் நிலையங்களைத் தாக்கியபோது பிரெஞ்சுக்காரர்களும் செத்தார்கள். அவர்களுக்காகவும் எனக்குத் துக்கம் உண்டு. ஒரு துக்கத்துக்காக இன்னொன்றை மறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மைனார்ஸ்கியின் அம்மாவுக்கு இதில் எந்தக் கணக்கும் ஆறுதல் தந்திருக்காது.

கனடாவில் இருப்பவர்களுக்கு ஒன்று. ஹாமில்டனில் இருக்கும் லங்காஸ்டர், உலகத்தில் இன்றும் பறக்கும் இரண்டில் ஒன்று. 1988இல் சீரமைத்து மறுபடி பறக்கவிட்டார்கள். மைனார்ஸ்கி போன விமானத்தின் அதே அடையாள எழுத்துகளை, விஆர்-ஏ என்று, அதன்மேல் எழுதி அவருக்கே அர்ப்பணித்திருக்கிறார்கள். அவர் போன விமானமும் இதுவும் தயாரானது மால்டனில், இன்றைய பியர்சன் விமான நிலையத்தின் பக்கத்தில்தான். கோடையில் பறக்கும். போனால் முன்பக்கத்தோடு நிறுத்திவிடாமல் வால்பக்கம் போய், அந்தக் கூண்டின் கதவு எப்படித் திறக்கும் என்று அங்கே இருக்கும் தன்னார்வலர்களிடம் கேளுங்கள்.