குடும்ப ஜெபமும் பிள்ளைகளும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். கணவர் வளைகுடாவில் வேலை. நானும் மாமியாரும் ராத்திரி ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம் நடத்துகிறோம். முக்கால் மணி நேரம் ஆகும். ஆறு வயது மகன் தூங்கிவிடுகிறான். பதினொரு வயது மகள் ஜெபம் என்றாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். என்ன செய்யலாம்?

ஒரு வாசகி, மார்த்தாண்டம்

அன்புள்ள சகோதரி,

ஆறு வயதுப் பிள்ளை ஒன்பது மணிக்குத் தூங்கத்தான் செய்யும். இரவுச் சாப்பாட்டுக்கு முன், ஏழரைக்கு வையுங்கள். பன்னிரண்டு நிமிஷம் போதும். பாட்டில் பல்லவியும் ஒரு சரணமும்; வேத வாசிப்புக்கு ஒரு சம்பவம். மாற்கு 4:35-41, படகில் புயல், ஏழே வசனம். மகள் வாசிக்கட்டும். "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டால் பரீட்சை ஆகிவிடும். "அந்தப் படகில் நீ இருந்தால் என்ன செய்வாய்?" என்று மகனைக் கேளுங்கள், பதிலைத் திருத்தாதீர்கள். மாமியாருக்கு நீண்ட ஜெபம் வேண்டுமென்றால், பிள்ளைகள் ஆமென் சொல்லி எழுந்தபின் தொடரட்டும்.

மகளின் முகம் வேறு காரணத்தாலும் வாடலாம். நம் வீடுகளில் ஜெபத்துக்குள்ளேயே கண்டிப்பு நடக்கிறது: "ஆண்டவரே, கணக்கில் மார்க் குறைந்துபோச்சு, போன் பார்க்கிற புத்தியை இவளிடமிருந்து எடுத்துப்போடும்." கண்ணை மூடிக்கொண்டிருக்கும் பிள்ளை எதிர்த்துப் பேச முடியாது, தம்பி முன்னால் கூனிக்குறுகும். கண்டிக்க வேண்டியதைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஜெபத்தில் உங்கள் குறையைச் சொல்லுங்கள்: "இன்றைக்குப் பிள்ளைமேல் எரிந்து விழுந்தேன், மன்னியும்." பெற்றவள் மன்னிப்புக் கேட்பதைக் காதால் கேட்கிற பிள்ளைக்கு மன்னிப்பைப் பற்றித் தனிப் பிரசங்கம் தேவையில்லை.

பிடி அரிசியை, அதாவது சமைக்கும்போது ஆலயத்துக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பதை, விட்டுவிடாதீர்கள். உலைக்கு அரிசி அளந்ததும், கழுவுமுன், மகன் தன் கையால் ஒரு பிடி அள்ளித் தனி டப்பாவில் போடட்டும். பிடி சிறியதாக இருந்தாலும் நீங்கள் கூட்டிப் போட வேண்டாம். ஆலயத்துக்கும் அவனே கொண்டுபோகட்டும். மாசக் கடைசியில் மொத்தமாகப் பணம் கொடுத்தால் சபைக்கு நஷ்டமில்லை. ஆனால் தன் சாப்பாட்டிலிருந்து முதலில் எடுத்து வைப்பதைப் பிள்ளை பார்க்காமலே போகிறது.

மனப்பாடத்துக்கு மகனுக்கு வேதத்தில் சங்கீதம் 117, இரண்டே வசனம். மகளுக்கு 121, எட்டு வசனம், நாளுக்கு ஒன்று.

பதினொரு வயதில் கேள்விகள் வரும். "ஜெபம் பண்ணியும் தாத்தா ஏன் செத்தார்?" என்றால், "அப்படிக் கேட்கக்கூடாது" என்று அடக்காதீர்கள், அதன்பின் உங்களிடம் கேட்கவே மாட்டாள். தெரியாது என்றே சொல்லுங்கள். தம் சிநேகிதன் லாசரு மரித்தபோது இயேசு அழுததை (யோவான் 11:35) அவளோடு உட்கார்ந்து வாசியுங்கள். சங்கீதம் 13-ஐயும் வாசிக்கலாம். ஆண்டவரிடமே முறையிடுகிற சங்கீதம் அது.

அப்பாவுக்கு லீவு நாளில் வீடியோ காலில் அவரே வேதம் வாசிக்கட்டும். மார்க் விசாரணை அந்தக் காலில் வேண்டாம். அதற்கு வேறு நாள் பேசிக்கொள்ளலாம்.