வீட்டில் செய்வது ஊழியமா? கேள்வி பதில்

நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சபையில் நோயாளிகளையும் தனித்திருக்கும் முதியவர்களையும் சந்திக்கும் குழுவில் பல வருடங்களாக இருக்கிறேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

படுத்த படுக்கையான மாமியாரை நான்தான் பார்க்கிறேன். வேதம் வாசிக்க, ஜெபிக்க நேரமே இல்லை. ஆண்டவரை விட்டு விலகுகிறேனோ என்று பயமாக இருக்கிறது அக்கா.

விலகவில்லை தங்கச்சி. 1 தீமோத்தேயு 5:4ஐ எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முதலில் தங்கள் குடும்பத்தை விசாரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், அது தேவனுக்குப் பிரியம் என்று இருக்கிறது. நீங்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைப்பீர்கள் இல்லையா, அப்போது அவர் பெயரைச் சொல்லி ஒரு வரி ஜெபியுங்கள். அவர் காதில் விழட்டும்.

திருப்பும்போது விரிப்பையும் தடவிப் பாருங்கள். ஒரு சின்ன மடிப்பு போதும், புண்ணுக்கு வழி வைத்துவிடும். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தோல் சிவந்தோ கருத்தோ இருந்து, அழுத்தி எடுத்தும் நிறம் மாறாவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் குதிகால் படுக்கையில் படாது.

இன்னொன்று. அவர் உங்கள் கணவரின் அம்மா. ராத்திரி முறையில் பாதி உங்கள் கணவருடையது. கேட்டு வாங்குங்கள்.

பக்கத்து வீட்டில் கணவரை இழந்த சகோதரிக்கு எப்படி உதவலாம்?

"ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். துக்கத்தில் இருப்பவர் கேட்கமாட்டார். "நாளை காலை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் நான் விடுகிறேன்" என்று சொல்லிவிட்டு, போய் நில்லுங்கள். ஒரு மாதம் கழித்தும் போங்கள், அப்போதுதான் வந்தவர்களெல்லாம் போய் வீடு வெறிச்சோடி இருக்கும். தயவுசெய்து போட்டோ எடுக்காதீர்கள்.

வேலைக்குப் போகிறேன், அப்பாவையும் பார்க்கிறேன். ஜெபிக்க நேரமில்லை...

முதல் பதிலைப் பாருங்கள்.

காணிக்கை கொடுத்த பிறகு பெற்றோருக்கு அனுப்ப மிச்சம் இருப்பதில்லை.

மாற்கு 7ஆம் அதிகாரத்தில் "கொர்பான்" (தேவனுக்குக் காணிக்கை) என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கண்டித்தார். தேவனுக்குக் கொடுத்துவிட்டேன் என்ற சாக்கை அவரே ஏற்கவில்லை. முதலில் அவர்களுடைய மருந்துச் செலவை எடுத்து வையுங்கள்.

அக்கா, மன்னிக்கவும். வீட்டு வேலை கடமை. ஊழியம் என்பது வசனத்தைச் சொல்வது. பந்தி விசாரணை, அதாவது சாப்பாடு பரிமாறுவதைக் கவனிப்பது, தகுதியல்ல என்று அப்போஸ்தலர்களே சொன்னார்களே?

நல்ல கேள்வி தம்பி. அப்போஸ்தலர் 6இல் முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். விதவைகள் "அன்றாட விசாரணையில்" விடுபட்டார்கள் என்பதுதான் பிரச்சினை. நான்காம் வசனத்தில் அப்போஸ்தலர்கள் தேவவசன "ஊழியம்" என்கிறார்கள். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான், டியாகோனியா. தமிழில்தான் ஒன்று விசாரணை, மற்றொன்று ஊழியம் என்று பிரிந்துவிட்டது. இன்று விசாரணை என்றால் போலீஸ் நினைவுக்கு வருகிறது. பழைய தமிழில் அது பார்த்துக் கவனிப்பது. அந்த வேலைக்குத் தெரிந்தெடுக்க ஆவியும் ஞானமும் நிறைந்த ஏழு பேரைத் தேடினார்கள். அவர்களில் ஒருவர், பிற்பாடு கிறிஸ்துவுக்காக உயிரையே கொடுத்த ஸ்தேவான்.

ஆனாலும் அப்போஸ்தலர்கள் அதை வேறு ஆட்களிடம் விட்டார்களே?

ஆமாம், ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்த சபையில் இரண்டையும் அவர்களால் சுமக்க முடியவில்லை, அதனால் பகிர்ந்தார்கள். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று எங்கே இருக்கிறது? சிலுவையருகே நின்ற சீஷனிடம் இயேசு தம் தாயை ஒப்படைத்தார். அவன் அந்நேரமுதல் அவளைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டான் (யோவான் 19:27). பிரசங்கம் செய்யப் போகிறவனிடம்தான் ஒரு அம்மாவைக் கொடுத்தார்.

எனக்கு இன்னும் சம்மதமில்லை. வசனம் சொல்லாவிட்டால் ஆத்துமா கெட்டுப்போகுமே?

சம்மதிக்காவிட்டால் பரவாயில்லை தம்பி. வசனம் சொல்வதை நான் குறைத்துப் பேசவில்லை. பசித்தவனிடம் வெறும் வாழ்த்து சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபு கேட்கிறாரே, அதைத்தான் நானும் கேட்கிறேன். இதற்கு மேல் மற்றவர்களின் கேள்விக்கு இடம் கொடுப்போம்.

குடிப்பழக்கம் உள்ள உறவினருக்குப் பணம் கொடுக்கலாமா?

பணமாக வேண்டாம், தேவையான பொருளாக. பழக்கத்துக்கு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், அது என் துறை அல்ல.

நாங்கள் உதவி செய்வதைப் படம் எடுத்துப் போட்டால் மற்றவர்களுக்கும் ஆர்வம் வருமே?

வேண்டாம். மேலேயே சொன்னேன். வாங்கிக்கொள்ளும்போது தலைகுனிந்து நின்ற முகம் அந்த வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் படத்தில் இருக்கும். வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக்கூடாது என்று ஆண்டவர் சொன்னதை இந்த விஷயத்தில் அப்படியே கைக்கொள்ளுங்கள்.

நேரம் கிடைக்காமல்...

முதல் பதில்!

அப்பாவைத் தனியாகத் திருப்பிப் படுக்க வைக்க முடியவில்லை. இழுத்தால் கத்துகிறார்.

இழுக்காதீர்கள், தோல் உரசிப் புண்ணாகும். எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ அந்தப் பக்கம் நில்லுங்கள். அவருடைய கைகளை நெஞ்சின்மேல் வைத்து, உங்களுக்கு எதிர்ப்புறம் இருக்கும் முழங்காலை மடக்குங்கள். அந்தப் பக்கத்துத் தோளிலும் இடுப்பிலும் கை வைத்து, "திருப்பப் போகிறேன் அப்பா" என்று சொல்லிவிட்டு, உங்கள் பக்கமாக மெதுவாக உருட்டுங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. அப்படியும் கத்தினால் எங்கோ வலி இருக்கிறது, மருத்துவரிடம் காட்டுங்கள்.