'மார்தி ஆன் உய்த்' என்றால் எட்டு மணியா?

கேள்வி: முதுகலைப் படிப்புக்காக பிரான்சில் கிரனோபிள் வந்திருக்கிறேன். இன்று வியாழன், செப்டம்பர் 4. வாடகை வீட்டின் சாவியை வாங்கிக்கொள்ள 'மார்தி ஆன் உய்த்' வரச் சொல்லி வீட்டுக்காரர் மெயில் அனுப்பியிருக்கிறார். மார்தி என்றால் செவ்வாய், உய்த் என்றால் எட்டு என்று தெரியும். வரும் செவ்வாய் எட்டு மணிக்குப் போகலாமா? பல்கலைக்கழகமோ ஐந்து 'ஜூர் ஊவ்ரே'க்குள் ஒரு சான்றிதழ் கேட்கிறது. அது எந்தத் தேதி?

பதில்: வரும் செவ்வாய் போகாதீர்கள், கதவு பூட்டியிருக்கும். வீட்டுக்காரர் சொல்வது அதற்கு அடுத்த செவ்வாய், செப்டம்பர் 16. மணியைப் பற்றி அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை. எட்டு மணி என்றால் 'ஆ உய்த் ஏர்' என்று எழுதியிருப்பார். அந்த 'ஏர்' என்ற சொல் இருந்தால்தான் அது கடிகாரக் கணக்கு.

இந்த எட்டு, நாள் கணக்கு. வரும் செவ்வாயை முதல் நாளாக வைத்து எண்ணினால் எட்டாம் நாளும் செவ்வாய்தானே? நம் வீட்டுப் பெரியவர்கள் 'இன்னையிலிருந்து எட்டாம் நாள்' என்று சொல்லி அடுத்த வாரம் இதே கிழமையைக் குறிப்பது போலத்தான். பிரிட்டிஷ்காரர்கள் இதையே 'டியூஸ்டே வீக்' என்பார்கள். 'மார்தி ஆன் கேன்ஸ்' என்று வந்தால் இன்னும் ஒரு வாரம் தள்ளி, செப்டம்பர் 23. கேன்ஸ் என்றால் பதினைந்து.

பேச்சில் 'உய்த் ஜூர்' என்றால் ஒரு வாரம், 'கேன்ஸ் ஜூர்' என்றால் இரண்டு வாரம் என்றே பழகிக்கொள்ளுங்கள். 'கேன்ஸ் ஜூர் லீவு' என்று தோழி சொன்னால் அவள் பதினான்கு நாளில் திரும்பிவிடுவாள். அலுவலகக் கடிதத்தில் 15 என்று எண்ணாகப் போட்டிருந்தால் கதை வேறு. அப்போது பதினைந்து நாளை, சனி ஞாயிறையும் சேர்த்து எண்ணி, ஒரு நாள் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

அடுத்து உங்கள் சான்றிதழ். பிரெஞ்சுக்காரர்கள் வேலை நாளை இரண்டு விதமாக எண்ணுகிறார்கள். 'ஊவ்ரே' என்பது உண்மையில் வேலை நடக்கும் நாள், பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை. 'ஊவ்ராப்ள்' என்பதில் சனியும் சேரும். ஞாயிறும் அரசு விடுமுறையும் மட்டும் கழியும். மொழிபெயர்ப்புச் செயலிகள் இரண்டுக்கும் 'பிசினஸ் டே' என்றே போட்டுவிடுவதால்தான் பலருக்குத் தேதி தவறுகிறது. இன்று கடிதம் வந்ததாக வைத்து நாளையிலிருந்து எண்ணுங்கள். ஐந்து ஊவ்ரே நாள் வியாழன் 11-ஆம் தேதி முடியும். ஊவ்ராப்ள் என்று எழுதியிருந்தால் புதன் 10-ஆம் தேதியே கடைசி. பின்னால் வேலைக்குச் சேரும்போதும் இது உதவும். சட்டப்படி ஆண்டுக்கு 30 ஊவ்ராப்ள் நாள் விடுப்பு உண்டு. சில நிறுவனங்கள் அதை 25 ஊவ்ரே என்று எழுதும். இரண்டும் அதே ஐந்து வாரம்தான், ஐந்து நாள் பறிபோய்விட்டதே என்று பதற வேண்டாம்.

நீங்கள் கேட்காவிட்டாலும் இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் தினமும் கண்ணில் படும். கிழமைக்கு முன்னால் 'ல' வந்தால் பொருள் மாறிவிடும். 'லந்தி' என்று மட்டும் சொன்னால் ஒரு குறிப்பிட்ட திங்கள். 'ல லந்தி' என்றால் திங்கள்தோறும். கடைக் கதவில் 'ஃபெர்மே ல லந்தி' என்று பார்த்தால் அந்தக் கடை எல்லாத் திங்களும் மூடியிருக்கும். பாரிஸ் போகும்போதும் இதைக் கவனியுங்கள்: லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சேக்குத் திங்கள். ஆனால் 'ல' போட்டு, கிழமையோடு தேதியும் வந்தால், 'ல லந்தி 15 செப்தாம்ப்ர்' என்பது போல, அது அந்த ஒரே நாள்தான்.

கெடு சொல்லும்போது 'திசி வாந்த்ரதி' என்றால் வெள்ளிக்குள், 'அவான் வாந்த்ரதி' என்றால் வெள்ளிக்கு முன். இரண்டாவது வந்தால் வியாழனே அனுப்பிவிடுங்கள்.

'லந்தி ப்ரோஷேன்' என்பதை நேர்ப்பொருளில் வரும் திங்கள் என்று எடுக்க வேண்டும். ஆனால் சிலர் அடுத்த வாரத்துத் திங்களைச் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்குள்ளேயே இதில் குழப்பம் உண்டு, எனவே கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இங்கே 'ஃபேர் ல போன்' என்று அடிக்கடி கேட்பீர்கள். போன் என்றால் பாலம். வியாழன் அரசு விடுமுறையானால் வெள்ளியையும் லீவாக்கி வார இறுதியோடு இணைத்துவிடுவார்கள். இயேசு விண்ணேற்றத் திருநாள் எப்போதும் வியாழனில் வருவதால் மே மாதவாக்கில் இது அநேகமாக நிச்சயம். அந்த வெள்ளிக்கு எந்த அலுவலக வேலையையும் வைத்துக்கொள்ளாதீர்கள். புதன் கிழமையும் கொஞ்சம் தனி. பள்ளிகளுக்கு வாரத்தின் நடுவில் விடுமுறை விடும் வழக்கம் இங்கே பழையது. முன்பு வியாழனாக இருந்தது, 1972-இல் புதனுக்கு மாறியது. அதனால் குழந்தை உள்ளவர்கள் பலர் புதன் அன்று வேலைக்கு வருவதில்லை. 'நான்கு வியாழன் உள்ள வாரம்' என்று யாராவது சொன்னால் அது நடக்கவே நடக்காது என்று அர்த்தம். அந்தப் பழைய வியாழன் விடுமுறையின் ஞாபகம் இன்னும் அந்தப் பேச்சில் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த தொடர் அது.

சரி, வீட்டுக்காரருக்கு இன்றே ஒரு வரி எழுதுங்கள். போன்ஜூர் என்று தொடங்குங்கள், அது இல்லாமல் நேராக விஷயத்துக்குப் போவது இங்கே மரியாதைக் குறைவு. பிறகு, 'ல மார்தி 16 செப்தாம்ப்ர், சே பியேன் சா? ஆ கெல் ஏர்?' செப்டம்பர் 16 செவ்வாய், சரிதானே? எத்தனை மணிக்கு? கடைசியில் 'பொன் ஜூர்னே' என்று முடியுங்கள். மாலை ஆகிவிட்டால் 'பொன் சுவாரே'.