பிலிகுண்டுலுவில் அளக்கும் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

நைல் நதிநீர்ப் பங்கீடு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எங்களுக்குக் காவிரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, கர்நாடகம் வருடத்துக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி) தர வேண்டும் என்று எழுதியும் இருக்கிறது. அப்படியும் 2023இல் கடைமடையில் குறுவை காய்ந்தது. நாடுகளுக்கிடையே ஓடும் ஆறுகளுக்கு மேலே நீதிமன்றமே கிடையாதே, அவர்கள் பாடு எங்களைவிட மோசமா?

வாசகர், திருத்துறைப்பூண்டி

அன்புள்ள நண்பருக்கு,

நீதிமன்றம் இருப்பது பலம்தான். ஆனால் தண்ணீர் எப்போது வர வேண்டும், மழை பொய்த்தால் குறையை எப்படிப் பங்கு போடுவது என்ற இரண்டையும்தான் நான் முதலில் பார்ப்பேன்.

காவிரியில் முதலாவது இருக்கிறது. செப்டம்பருக்கு 36.76 டிஎம்சி. விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. ஆக, தமிழக எல்லையில் காவிரி வரத்தை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் அந்த மாதம் சராசரியாக விநாடிக்கு 14,180 கனஅடி வர வேண்டும். 2023 செப்டம்பரில் காவிரி மேலாண்மை ஆணையம் விடச் சொன்னது 5,000. அதற்கே கர்நாடகத்தில் பந்த். மண்டியா விவசாயியும் வறட்சியில்தான் இருந்தார். குறை வருடத்தில் விகிதப்படி குறைத்துக்கொள்ளுங்கள் என்று நடுவர் மன்றம் 2007இல் சொல்லியிருக்கிறது. எந்த அணையின் இருப்பை வைத்து, எந்தத் தேதியில் கணக்கிடுவது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் சண்டை.

கங்கையிலும் இதே ஓட்டைதான். இந்தியாவும் வங்கதேசமும் 1996இல் போட்ட ஒப்பந்தப்படி, மேற்கு வங்கத்தின் ஃபராக்கா தடுப்பணையில் ஜனவரி முதல் மே வரை பத்து நாளுக்கொரு பங்கீடு. வரத்து 70,000 கனஅடியோ அதற்குக் கீழோ என்றால் பாதிப்பாதி. 50,000க்கும் கீழே போனால் உடனே கலந்து பேச வேண்டும், அவ்வளவுதான்.

நைல் நிலைமை ஒப்பந்த அளவில் இன்னும் மோசம். 1959இல் எகிப்தும் சூடானும் மட்டும் பிரித்துக்கொண்டன. பெரும்பகுதி நீரைத் தரும் எத்தியோப்பியா அதில் இல்லை. அங்கே இப்போது நிற்கும் அணை ஏறக்குறைய 28 மேட்டூருக்குச் சமம். ஆனால் எகிப்துக்கு அஸ்வான் அணை இருக்கிறது, சுமார் இரண்டு ஆண்டு வரத்தைத் தேக்கிவிடும். நம் மேட்டூர் நிரம்பினாலே 93.47 டிஎம்சிதான். இந்த ஒரு விஷயத்தில் நீங்கள்தான் ஆபத்தில் இருக்கிறீர்கள்.

அதனால் செய்தியில் டிஎம்சியை விட்டுவிட்டு, பிலிகுண்டுலு கனஅடியை அந்த மாதச் சராசரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேட்டூரில் 12,000 திறந்து, வரத்து 5,000 என்றால், தினமும் அரை டிஎம்சிக்கு மேல் இருப்பிலிருந்து கரைகிறது. அப்படி ஆகஸ்ட் கடந்துவிட்டால் சம்பாவுக்கு 155–160 நாள் ரகம் வேண்டாம். செப்டம்பர் நடுவில் விதைத்தால் பிப்ரவரி மூன்றாம் வாரம்தான் அறுவடை. மேட்டூர் ஜனவரி 28இல் மூடும். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வாய்க்கால் வறண்டு பதராகிவிடும். 135 நாள் ரகத்தை நேரடி விதைப்பாகப் போட்டால் அந்தத் தேதிக்குள் கதிர் முற்றிவிடும்.