ஹோபி 16 ஓட்டுறவங்க கேட்ட கேள்விகளுக்கு பதில் – பினாங்கு

ஹோபி 16ன்னா ரெண்டு ஒல்லி ஹல் (படகோட உடம்பு) சேர்த்துக் கட்டுன சின்ன பாய்மரப் படகு. வாரக்கடைசியில பத்து பெரிங்கி பக்கம் அதுல பாய் விரிக்கிறவங்க கேட்டு வச்ச கேள்விங்க நெறைய சேர்ந்திடுச்சு, ஒரே மூச்சுல பதில் போட்டுடுறேன்.

பட்டர்வொர்த் தம்பி: அண்ணே, அடியில டாகர்போர்டே (சைடுல நழுவாம இருக்க தண்ணிக்குள்ள தொங்குற பலகை) இல்ல, எப்படி சைடுல நழுவாம காத்த எதிர்த்து ஏறுது?

பதில்: நல்ல கேள்வி தம்பி. ஹோபி ஆல்ட்டர் கலிபோர்னியாவுல சர்ஃப்போர்டு செஞ்சு வித்தவரு, அலைய தாண்டி வந்து அப்படியே மணல்ல ஏத்தணும்னுதான் அவரோட நெனப்பு, போர்டு தொங்குனா மணல்ல மாட்டும். அதனால ஹல்லையே அந்த வேலைக்கு வச்சிட்டாங்க: வெளிப்பக்கம் தட்டை, உள்பக்கம் வளைவு. காத்து சாய்க்கும்போது கீழ்க்காத்து ஹல்தான் (காத்து போற பக்கம் இருக்குறது) ஆழமா உக்காரும், அதோட வளைவு காத்து வர்ற பக்கமா போட்டையே இழுக்கும். ஆனா இந்த இழுவை வேகத்துல இருந்துதான் வருது. ரொம்ப மேல கிள்ளி, அதாவது காத்து வர்ற திசைக்கு ரொம்ப ஒட்டி ஓட்டுனா வேகம் செத்துடும், அப்புறம் நண்டு மாதிரி சைடுலதான் போவீங்க. கொஞ்சம் தாழ்த்தி, காத்து வர்ற திசையில இருந்து விலக்கி ஓட்டுங்க, அதுவே லாபம்.

கெப்போங் சகோதரர்: எங்க 16 அடி டிங்கி (ஒரே ஹல் இருக்குற சின்ன பாய்ப்படகு) 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்துக்கு மேல முக்குது, இது மட்டும் எப்படி 15 போகுது?

பதில்: சாதாரண போட்டு தான் எழுப்புற அலையிலேயே மாட்டிக்கும் சார், 16 அடி நீளத்துக்கு அந்த வரம்பு கிட்டத்தட்ட 5.4 நாட். ஒல்லியான ஹல் பெருசா அலை எழுப்பாது, அதான் அந்த வரம்பு இத கட்டிப்போடல. அப்புறம் எடைய பாருங்க, போட்டு வெறும் 145 கிலோ, பாயி 20 சதுர மீட்டருக்கு பக்கம். அவ்வளவு பாய நிமித்திப் புடிக்கிறது 2.4 மீட்டர் அகலமும் உங்க உடம்பும்தான். 70 கிலோ ஆளு ரெண்டு பேரு மேல்காத்து ஹல்லுல (காத்து வர்ற பக்கம்) உக்காந்தா நிமித்துற பலம் 140 கிலோ × 2.4 மீட்டர் = 336, அதே ரெண்டு பேரு ட்ராப்பீஸ்ல (மாஸ்ட்டுல இருந்து வர்ற கம்பியில இடுப்ப மாட்டி) தொங்கி ஒரு மீட்டர் வெளிய போனா 140 × 3.4 = 476. வித்தியாசம் புரியுதா? ட்ராப்பீஸ் போட பயப்படுறவங்க இந்த போட்ட பாதிதான் ஓட்டுறாங்க, கோவிச்சுக்காதீங்க.

ஜெலுத்தோங் தங்கச்சி: டேக் பண்ணும்போது (மூக்க காத்த தாண்டி அடுத்த பக்கம் திருப்புறப்ப) பாதியில காத்துக்கு நேரா நின்னுடுது அண்ணே, வெக்கமா இருக்கு.

பதில்: எல்லாருக்கும் நிக்கும்மா. எடை கம்மி, அதனால காத்துக்கு நேரா வந்ததும் ஓட்டம் சட்டுனு செத்துடும், போதாததுக்கு ரெண்டு நீள ஹல்லையும் திருப்பணும். நல்ல வேகத்தோட உள்ள போங்க, சுக்கான படக்குனு வெட்டாதீங்க, அது பிரேக் ஆயிடும், நிதானமா தள்ளிக்கிட்டே போங்க. மூக்கு காத்த தாண்டுற வரைக்கும் ஜிப்ப (முன்பக்க சின்ன பாய) விடாதீங்க, அது பின்னாடி அடிச்சு மூக்க தள்ளட்டும். தாண்டுனதும் மெயின் ஷீட்ட (மெயின்னு சொல்ற பெரிய பாயோட கயித்த) ரெண்டடி விடுங்க, இறுக்கி வச்சா மெயின் திரும்பவும் காத்துக்கே திருப்பிவிடும், பாதி பேரு மறக்குறது இதத்தான். நின்னே போச்சுன்னா மெயின விட்டுட்டு, ஜிப்ப எதிர்ப்பக்கம் புடிச்சு, போட்டு பின்னாடி போறப்ப சுக்கான எதிர்த்திசையில திருப்பி வைங்க.

புக்கிட் மெர்தாஜாம்: மூக்கு குத்தி தல குப்புற கவுந்துட்டோம். போட்டுல குறையா?

பதில்: குறைனும் சொல்லலாம். முன்பக்கம் ஒல்லி, மெதக்குற சக்தி கம்மி, கீழ்க்காத்து மூக்கு முங்கிட்டா அங்கேயே நின்னுடும், பாய் மட்டும் முன்னாடி போகும். பலமா காத்தடிச்சா ரெண்டு பேரும் பின்னாடி நகருங்க, ஷீட்ட கையிலேயே வச்சிருங்க, கிளீட்ல (கயித்த கவ்விப் புடிக்கிற கொக்கி) மாட்டாதீங்க. மாஸ்ட்ட (பாய்மரத்த) பின்னாடி சாய்ச்சு வைக்கிறதும் உதவும்.

பாலிக் புலாவ்: பழைய போட்டு ஒன்னு விலைக்கு வருது, என்ன பாக்கணும்?

பதில்: டெக்க (ஹல்லோட மேல்தளம்) கட்ட விரலால அழுத்திப் பாருங்க, முக்கியமா மாஸ்ட்டுக்கு முன்னாடி. உள்ள அமுங்குனா ஃபைபருக்குள்ள இருக்குற ஃபோம் ஒட்டு விட்டுப்போச்சுன்னு அர்த்தம், வாங்காதீங்க. ட்ராம்பொலின் (ரெண்டு ஹல்லுக்கும் நடுவுல இழுத்துக் கட்டுன துணி) தையல் நம்ம வெயில்ல சீக்கிரம் உளுத்துடும், அது மாத்திக்கலாம். கரையில நிறுத்தும்போது ட்ரெயின் பிளக்க (ஹல்லுல தண்ணி வடியுற ஓட்டையோட மூடி) கழட்டி வைங்க, இல்லன்னா, உள்ள காத்து சூடாகி ஜாயிண்ட்ட பொளந்துடும். தண்ணிக்குள்ள எறக்குறதுக்கு முன்னாடி திரும்ப மாட்ட மறந்துடாதீங்க. மாஸ்ட்டு 8 மீட்டர், நிமித்துறதுக்கு முன்னாடி மேல கரண்டு கம்பி இருக்கான்னு பாருங்க, இதுல விளையாட்டே வேண்டாம்.

செராஸ்: நேரா நாக்ரா 17 வாங்கலாமா?

பதில்: அது 2016ல இருந்து ஒலிம்பிக் போட்டு, டோக்கியோவுல இருந்து ஃபாயில் (தண்ணிக்கடியில இருக்குற இறக்கை) வச்சு தண்ணிக்கு மேல பறக்குது. மணல்ல இழுத்து விளையாடுறதுக்கு அது சரிவராது லா.