வாசகர் கேள்விகள்: புகனானி என்றொரு எழுத்தாளர்

சென்ற இதழில் பத்மாவதி தேவி புகனானி என்ற அசாமியப் பெண் எழுத்தாளரைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். 1884ஆம் ஆண்டிலேயே கதைநூல் ஒன்றை அச்சில் வெளியிட்ட குடும்பப் பெண் அவர் என்பதற்கு மேல் அதில் அதிகம் இல்லை. அதைப் படித்துவிட்டுக் குமரி மாவட்டத்திலிருந்து எழுதியவர்களின் கேள்விகள் என்னை மீண்டும் அவரிடமே அழைத்துச் சென்றன. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதும் அவருக்கே.

கேள்வி: அவர் பிறந்த குடும்பம், வாழ்ந்த காலம் பற்றி விரிவாகச் சொல்லுங்கள். 'புகனானி' என்பது ஊர்ப் பெயரா, குடும்பப் பெயரா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, தக்கலை)

'புகன்' என்பது அசாமை ஆண்ட அகோம் மன்னர்கள் தம் உயர் அதிகாரிகளுக்கு வழங்கிய பட்டம். மன்னராட்சி போன பிறகு அது குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. அதன் பெண்பால் வடிவமே 'புகனானி'. பருவா குடும்பத்துப் பெண் 'பருவானி' ஆவதும் இதே முறையில்தான். 

பத்மாவதி 1853இல் பிறந்தார். தந்தை ஆனந்தராம் தேக்கியால் புகன், கலாங் ஆற்றங்கரையில் உள்ள நகாவோன் நகரில் ஆங்கில அரசின் அதிகாரியாகப் பணிபுரிந்தவர். கல்கத்தாவின் இந்துக் கல்லூரியில் படித்தவர். பாட்டனார் ஹலிராம் 1829இல் அசாமின் வரலாற்றை வங்காள மொழியில் எழுதி அச்சிட்டார். பாட்டனார் வங்காளத்தில் எழுதினார், தந்தை அசாமிய மொழிக்காக வாதாடினார், பேத்தி அசாமியத்தில் கதை எழுதினார். அந்த நாட்டின் மொழி வரலாற்றையே இந்த மூன்று தலைமுறைகளுக்குள் படித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1859இல், முப்பது வயது நிறையும் முன்பே, ஆனந்தராம் காலமானார். மகளுக்கு அப்போது ஆறு வயது. நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால், தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில் திருவிதாங்கூர் மன்னரின் அறிவிப்பு வெளியானதும் அதே 1859இல்தான். தோளை மறைத்துக்கொள்ளும் உரிமையை இங்கே நம் பெண்கள் போராடிப் பெற்றுக்கொண்டிருந்த ஆண்டில், அங்கே ஒரு சிறுமி தந்தையை இழந்தாள். அச்சிறுமி 1927 வரை வாழ்ந்தார். தந்தையைப் பற்றி உறவினர் குணாபிராம் பருவா 1880இல் முழு வாழ்க்கை வரலாறு ஒன்றை எழுதி வெளியிட்டார். மகளோ இலக்கிய வரலாற்று நூல்களில் சில வரிகளாகவே வருகிறார். அந்தச் சில வரிகளைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தமே சென்ற இதழின் பத்தியை எழுத வைத்தது.

கேள்வி: தந்தை மொழிக்காக வாதாடியதற்கும் மகள் கதை எழுதியதற்கும் நேரடித் தொடர்பு உண்டா? (வாசகர், விளவங்கோடு வட்டம்)

உண்டு என்பதே என் உறுதியான எண்ணம். 1836 முதல் அசாமின் நீதிமன்றங்களில் வங்காளமே ஆட்சி மொழி, பள்ளிக்கூடங்களிலும் அதுவே. வீட்டில் பேசும் மொழியில் ஒரு மனுவைக்கூட எழுதிக் கொடுக்க முடியாத நிலை. அசாமியம் தனி மொழியே அல்ல, வங்காளத்தின் ஒரு வட்டார வழக்குதான் என்று அதற்குக் காரணமும் சொல்லப்பட்டது. 1853இல் மாநில நிலையை ஆராய வந்த மில்ஸ் என்ற அதிகாரியிடம் ஆனந்தராம் நீண்ட விண்ணப்பம் ஒன்றை அளித்து, அசாமிய மொழியைப் பள்ளிகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் திரும்பத் தர வேண்டும் என்று கேட்டார். மகள் பிறந்த ஆண்டும் அதுவே. 1855இல் தம் பெயரை வெளியிடாமல், 'இந்நாட்டவர் ஒருவர்' என்று மட்டும் குறிப்பிட்டு, ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலை வெளியிட்டு, அசாமியம் தனக்கென இலக்கியம் உள்ள தனி மொழி என்று வாதிட்டார். அதற்கு முன்பே, 1849இல், அசாமியச் சிறுவர்களுக்காக 'அசமியா லொரார் மித்ரா' என்ற பாடநூலையும் எழுதியிருந்தார்.

விளவங்கோட்டு வாசகருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் வீட்டு மரப்பெட்டிகளில் இன்றும் கிடக்கும் பழைய நில ஆதாரங்களை எடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது: மடித்த இடமெல்லாம் கிழிந்து, முத்திரைத்தாளின் ஓரம் பழுப்பேறி, முழுவதும் மலையாளத்தில் எழுதிய ஆதாரம். என் பாட்டி அதில் தம் கைநாட்டை மட்டும் அடையாளம் காட்டுவார். நான்கு பக்கமும் எல்லை சொல்லி விற்ற அந்த நிலத்தின் வேலிமரங்களைக்கூடப் பெயர் சொல்லி அழைத்தவர் அவர். ஆனால் அந்தத் தாளில் உள்ள ஒரு வரியைக்கூட அவரால் படிக்க முடியாது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன், 1954 ஆகஸ்டில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். வீட்டு மொழி அலுவலகத்தில் செல்லாமல் போவது எத்தகைய வலி என்று நமக்குத் தெரியும்.

அசாமியம் 1873இல் பள்ளிகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் திரும்பி வந்தபோது பத்மாவதிக்கு இருபது வயது. அதைக் காண ஆனந்தராம் இல்லை. பதினொரு ஆண்டுகள் கழித்து மகளின் நூல் வந்தது. விண்ணப்பத்தில் ஒரு மொழியைத் தனி மொழி என்று வாதிடலாம். அந்த மொழியில் ஒரு பெண் உட்கார்ந்து கதை எழுதி, அதை இன்னொருவர் வாங்கிப் படிக்கும்போதுதான் அந்த வாதத்துக்குச் சாட்சி கிடைக்கிறது.

கேள்வி: அந்நூலை அசாமிய மொழியின் முதல் நாவல் என்று சொல்லலாமா? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

நூலின் பெயர் 'சுதர்மார் உபாக்யான்', அதாவது சுதர்மாவின் கதை. அசாமியப் பெண் ஒருவர் எழுதிய முதல் நாவல் என்று அதைக் குறிப்பிடுவதே வழக்கம். அதற்கு முன்பே, 1877இல், கர்னி என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி எழுதிய 'காமினிகாந்த' வந்துவிட்டது. முழு வடிவம் பெற்ற நாவல் என்று பலர் ஏற்பது ரஜனிகாந்த பர்தலை 1894இல் வெளியிட்ட 'மிரி ஜீயரி'யை. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது பத்மாவதியின் நூல்.

தலைப்பைக் கவனியுங்கள். உபாக்கியானம் என்பது பெருங்கதைக்குள் வரும் கிளைக்கதை. மகாபாரதத்தின் நளோபாக்கியானத்தை நாம் அறிவோம். நாவல் என்ற புது வடிவத்துக்கு அங்கே இன்னும் பெயர் உறுதிப்படாத நாளில், தமக்குத் தெரிந்த புராண வடிவத்தின் பெயரையே தம் கதைக்குச் சூட்டியிருக்கிறார். ஆகவே இன்றைய நாவலை எதிர்பார்த்து அதை அணுகுபவருக்கு நீதி சொல்லும் குரல் சற்றுக் கூடுதலாகவே கேட்கும். அதைக் குறையாக எண்ண எனக்கு மனம் வரவில்லை. தமிழில் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் நாவல் 1879இல் வந்தது. அதுவும் நீதி சொல்வதில் சளைத்ததன்று. நம் அண்டை மொழியான மலையாளத்தில் சந்துமேனனின் 'இந்துலேகா' 1889இல்தான் வந்தது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில் முப்பத்தொரு வயதுப் பெண் ஒருவர் தம் கதையை அச்சேற்றிவிட்டார்.

கேள்வி: அந்தக் காலத்தில் அங்கே பெண்களுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததா? (வாசகி, இரணியல்)

மிஷனரிகளின் மனைவியர் நடத்திய சிறு பள்ளிகள் இருந்தன. அவர்களில் ஹாரியட் கட்டர் 1840இல் ஆங்கில-அசாமியச் சொற்றொகுதி ஒன்றை வெளியிட்டார். சிவசாகரில் 1846இல் தொடங்கிய 'அருணோதய்' இதழ் அசாமிய உரைநடையை வளர்த்தது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் 1819இன் இறுதியில் வந்திறங்கி, பெண்பிள்ளைகளுக்கு எழுத்தையும் பின்னல் வேலையையும் சேர்த்துக் கற்பித்ததை நினைத்துக்கொண்டால் அந்தச் சூழல் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். ஆனால் உயர்குடிப் பெண்கள் பெரும்பாலும் வீட்டிலேயே படித்தார்கள். குணாபிராம் பருவா தம் மகள் ஸ்வர்ணலதாவைக் கல்கத்தாவின் பெத்யூன் பள்ளிக்கு அனுப்பியது அன்று அரிய செயல்.

எழுதப் படிக்கத் தெரிந்ததால் மட்டும் சபையில் இடம் கிடைத்துவிடவில்லை. 1925இல் நகாவோனில், அதாவது பத்மாவதியின் தந்தை பணிபுரிந்த அதே நகரில், அசாம் சாகித்திய சபையின் மாநாடு கூடியபோது பெண்களை மூங்கில் தட்டிக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். பெண்ணுரிமைக்காக உழைத்த சந்திரபிரபா சைக்கியானி மேடையிலிருந்து அதைக் கண்டித்துப் பேசி, தட்டியை விட்டு வெளியே வரும்படி அவர்களை அழைத்தார். அவர்களும் எழுந்து வந்தார்கள். மறு ஆண்டே அவர் அசாம் மாநில மகளிர் சங்கத்தைத் தொடங்கினார்.

கேள்வி: அவரை எழுத்தாளர் என்று சொன்னால் போதாதா? 'குடும்பப் பெண்' என்று ஏன் சேர்த்தீர்கள்? நானும் பால் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் எதையாவது எழுதிக்கொண்டிருப்பவள்தான். அதை யாரிடமும் காட்டியதில்லை. (இல்லத்தரசி, கருங்கல்)

அன்புச் சகோதரி, உங்கள் கண்டிப்பு நியாயமானது. ஆண் எழுத்தாளரை அறிமுகம் செய்யும்போது குடும்பத் தலைவர் என்ற அடைமொழியை நான் சேர்ப்பதில்லை. ஆயினும் பத்மாவதியைப் பற்றி எழுதும்போது அதை நீக்கிவிட எனக்கு விருப்பமில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தறி இருந்த நாடு அசாம். நெய்யத் தெரியாத பெண்ணுக்கு மணம் கூடாது என்று எண்ணிய சமூகம் அது. அங்கே ஒரு பெண்ணின் பகல் நேரம் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை, வடசேரியிலும் இரணியலிலும் தறி ஓசை கேட்டு வளர்ந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அந்தப் பகலிலிருந்து எடுத்த நேரத்தில்தான் அந்நூல் உருவானது. அடுப்பும் தறியும் அவருடைய எழுத்துக்கு வெளியே இருந்தவை என்று எண்ணினால் அவர் செய்ததன் அளவு நமக்குத் தெரியாமல் போய்விடும்.

உங்கள் நோட்டைப் பற்றி: யாரிடமும் காட்ட வேண்டாம், அவசரம் இல்லை. ஆனால் எழுதும் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் குறித்துவையுங்கள். பென்சிலில் எழுதியவற்றின் மீது ஒருமுறை மையால் எழுதிவிடுங்கள். பால் கணக்கு முடிந்ததும் அந்த நோட்டைப் பழைய தாள்காரருக்கு எடைக்குப் போட்டுவிட வேண்டாம் என்று வீட்டில் உள்ளவர்களிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.