பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகன் போர் நாவலாகவே படிக்கிறான், தடுக்கலாமா?

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். பாடப் புத்தகத்தை விட்டுவிட்டு எந்நேரமும் போர் நாவல்கள்தான். மனசும் உடம்பும் கெட்டுவிடுமோ, மார்க் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. தடுக்கலாமா?

பதில்:

தடுக்காதீர்கள். எந்த மாதிரிப் போர் நாவல் என்று மட்டும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள்.

நான் இப்போது கல்லூரியில் முதலாமாண்டு வரலாறு படிக்கிறேன். வீடு சென்னை, பழைய வண்ணாரப்பேட்டை. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடமும் எனக்கும் இதே பைத்தியம்தான். கூடவே சின்ன வயதிலிருந்து வீசிங். நீங்கள் கேட்கும் புத்தகம், உடம்பு, பள்ளிக்கூடம் மூன்றும் என் விஷயத்தில் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டுதான் கிடந்தன. அதனால் அட்வைஸாக இல்லாமல், எனக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

போர்க் கதைகளில் ஒரு வகை மேலிருந்து பார்ப்பது. எந்தத் தளபதி எந்தப் பக்கம் சுற்றி வளைத்தான், எந்த டாங்கியின் பீரங்கி எவ்வளவு தூரம் சுடும், இவனும் அவனும் மோதினால் யார் ஜெயிப்பான். என் தோழி ஒருத்தியின் தம்பி இதில் கரை கண்டவன். கிரிக்கெட் ஸ்கோர் ஒப்பிக்கிற மாதிரி டாங்கி மாடல்களை ஒப்பிப்பான். கெடுதல் ஒன்றும் இல்லை, எனக்குச் சலிப்பாக இருக்கும், அவ்வளவுதான். இன்னொரு வகை சிப்பாயின் வயிற்றிலும் காலிலும் மூச்சிலும் இருந்து எழுதப்படுவது. உங்கள் பையன் இந்த இரண்டாவதைப் படிக்கிறான் என்றால், பயப்படுவதற்குப் பதில் அவனிடம் அந்தப் புத்தகத்தை வாங்கி நீங்களும் படிக்கலாம்.

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் முதல் பாடமே முதல் உலகப் போர்தான். பதுங்குகுழி, கூட்டணிகள், வெர்சேல்ஸ் உடன்படிக்கை எல்லாம் ஐந்து மார்க் கேள்விக்குத் தயாராக மனப்பாடம் செய்தோம். அந்தப் போர் எங்கள் பக்கம் வரைக்கும் வந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் வந்து சென்னைத் துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் டாங்குகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. நாங்கள் காற்று வாங்கப் போகும் அதே கடற்கரைப் பக்கம்தான்.

பிளஸ் ஒன்னில் ஒரு சீனியர் அக்கா கொடுத்தார் எரிக் மரியா ரெமார்க்கின் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரண்ட்' நாவலை. ரெமார்க் ஜெர்மானியர். அந்தப் போரில் 1917-ல் தானே காயம் பட்டவர். 1928-ல் பத்திரிகைத் தொடராக வந்து, 1929-ல் புத்தகமானது. 1933-ல் நாஜிகள் கொளுத்திய புத்தகங்களில் இதுவும் ஒன்று. ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறித்தான் படித்தேன்.

முதல் அத்தியாயத்திலேயே ஆள் விழுந்துவிட்டேன். 150 பேர் இருக்கும் படைப்பிரிவுக்குச் சமையல்காரர் சமைத்து வைத்திருக்கிறார். முன்னணியிலிருந்து திரும்பி வருவது 80 பேர். மிச்சம் இருப்பதையும் எங்களுக்கே போடு என்கிறார்கள் பையன்கள். 150 பேர் கணக்கு, 80 பேருக்கு எப்படிப் போடுவேன் என்று மல்லுக்கு நிற்கிறார் சமையல்காரர். கடைசியில் அதிகாரி வந்து போடச் சொல்கிறார். எல்லாருக்கும் இரட்டைச் சாப்பாடு, எல்லாருக்கும் சந்தோஷம். செத்துப்போன கூட்டாளிகளின் பங்கைத்தான் தின்கிறோம் என்று அங்கே யாரும் அழவில்லை. பசி அவ்வளவு. எனக்கு ஒரு பிணத்தை விவரித்திருந்தால்கூட இப்படி இருந்திருக்காது.

அந்தப் பையன்கள் எல்லாரும் ஒரே வகுப்பு. வாத்தியார் பேசிப் பேசியே மொத்த வகுப்பையும் பட்டாளத்தில் சேர வைக்கிறார். வேண்டாம் என்று தயங்கிய ஒரு குண்டுப் பையனையும் மற்றவர்களோடு சேர்த்துத் தள்ளிவிடுகிறார். முதலில் சாவது அவன்தான். பேச்சுப் போட்டி மேடைகளில் நாங்கள் முழங்கிய புறநானூற்று 279-ஆம் பாட்டு அப்போது ஞாபகம் வந்தது. முந்தாநாள் அப்பாவையும் நேற்று கணவனையும் போரில் பறிகொடுத்தவள், இன்று பறைச் சத்தம் கேட்டதும் இருக்கிற ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலை சீவி, வேல் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். ஒக்கூர் மாசாத்தியார் பாட்டு. பாட்டில் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் மேடையில் அந்த மகனுக்கு என்ன வயது, அவனுக்கு வயிற்றைக் கலக்கியிருக்குமா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் கைதட்டல் வராது.

இப்போது உடம்பு விஷயத்துக்கு வருகிறேன்.

அதே நாவலில் விஷவாயு வரும் இடம் இருக்கிறது. முகமூடி போட்ட முதல் சில நிமிடங்கள்தான் உயிரா சாவா என்று தீர்மானிக்கும், அது காற்று புகாமல் இருக்கிறதா என்று தெரியாமல் மூச்சை விட்டு இழுக்கிறார்கள். ராத்திரி படித்துக்கொண்டிருந்த எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. வீசிங் இருப்பவர்களுக்குத் தெரியும், மூச்சு உள்ளே போகும், வெளியேதான் வராது. புத்தகத்தை மூடிவிட்டுப் பம்ப் (இன்ஹேலர்) அடித்துப் படுத்தேன். அந்தப் பகுதியை மறுநாள் மதியம் மொட்டை மாடி நிழலில் உட்கார்ந்து முடித்தேன். பகலில் அதே பக்கங்கள் அவ்வளவு மிரட்டவில்லை.

எங்கள் பக்கத்தில் இதெல்லாம் கதையாக மட்டும் இருக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா குழாய் கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் எழுந்து ஓடினார்கள். அந்தப் பக்கம் இருக்கும் என் அத்தை சொன்னது இது: "இன்னான்னே தெரியல. கண்ணு எரியுது, தொண்டை எரியுது. துணிய தண்ணில நனைச்சி மூக்குல வச்சிக்கினு புள்ளைங்கள இழுத்துக்கினு ஓடியாந்தோம்." 1915 ஏப்ரல் 22-ல் பெல்ஜியத்தின் ஈப்பர் அருகே குளோரின் விஷவாயுவைத் திறந்துவிட்டபோது, முகமூடி வந்து சேராத நாட்களில் சிப்பாய்களும் ஈரத் துணியைத்தான் மூக்கில் கட்டிக்கொண்டார்கள். போர் வேறு, தொழிற்சாலைக் கசிவு வேறு, அதை ஒன்றாகப் போட்டுக் குழப்ப மாட்டேன். நுரையீரலுக்கு மட்டும் அந்த வித்தியாசம் தெரியாது.

பள்ளியில் என் வீசிங்கை ஒளித்துத்தான் வைத்திருந்தேன். அம்மாவின் கட்டளை. "வீசிங்னு யாருகிட்டயும் சொல்லிக்கினு திரியாத. நாளைக்கு பொண்ணு கேக்க வர்றவங்க காதுக்குப் போவும்." அதனால் இன்ஹேலர் பையின் அடியில், பழைய ஸ்கார்ஃபில் சுற்றி. தேவைப்பட்டால் பாத்ரூமுக்குப் போய், குலுக்கி, மூச்சை முழுக்க விட்டு, அழுத்தும்போதே மெதுவாக இழுத்து, பத்து எண்ணும் வரை பிடித்துக்கொள்வேன். வெளியே யாராவது கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். பி.டி. பீரியடில் ஓட முடியாமல் உட்கார்ந்தால் "டிராமா போடாத, எழுந்திரு" என்று வரும்.

இந்த 'டிராமா' என்ற சொல்லை வைத்துத்தான் எனக்கு ஷெல் ஷாக் பற்றித் தேடிப் படிக்கத் தோன்றியது. குண்டு விழுந்து உடம்பில் கீறல்கூட இல்லாத சிப்பாய்களுக்குக் கை கால் நடுங்கும், பேச்சு வராது, கண் தெரியாது. 1915-ல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 'லான்செட்' இதழில் அந்தப் பெயரோடு எழுதினார். ஆனாலும் நடிக்கிறான், கோழை என்ற பேச்சு போகவில்லை. ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் ராணுவம் தன் ஆட்களையே நிற்க வைத்துச் சுட்டது. அப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு மன்னிப்பு கிடைத்தது 2006-ல். அவர்களில் மனம் உடைந்துபோனவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள். என்னை யாரும் சுடப்போவதில்லை, பி.டி. மிஸ்ஸும் கெட்டவர் இல்லை. ஆனால் வெளியே தெரியாத நோயை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது நூறு வருடத்தில் பெரிதாக மாறிவிடவில்லை என்று தோன்றியது. பிளஸ் டூவில் இன்ஹேலரை ஜாமெட்ரி பாக்ஸ் பக்கத்தில் பெஞ்சு மேலேயே வைக்க ஆரம்பித்தேன். இரண்டு நாள் எல்லாரும் பார்த்தார்கள். அப்புறம் பின் பெஞ்சில் இன்னொருத்தியும் தன்னுடையதை எடுத்து வைத்தாள்.

சந்தடி சாக்கில் ஒன்று: "பம்ப் பழகிடும், மாத்திரையே போதும்" என்று சொல்லும் உறவினர்களுக்கு. வீசிங்குக்குத் தரும் சல்பியூட்டமால் மருந்து இன்ஹேலரில் ஒரு அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையில் 2 அல்லது 4 மில்லிகிராம். பம்ப் நேராக நுரையீரலுக்குப் போவதால் அவ்வளவு குறைவு போதுமாக இருக்கிறது.

நாவலுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் என்னை அதிகம் உலுக்கிய இடம் போர்க்களத்திலேயே இல்லை. கதாநாயகனின் அம்மாவுக்குப் புற்றுநோய். முகாமில் மகனைப் பார்க்க வரும் அப்பா ஆபரேஷனைப் பற்றிப் பேசுகிறார். செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டீர்களா என்கிறான் மகன். கேட்கவில்லை, டாக்டர் தப்பாக எடுத்துக்கொண்டால் என்ன செய்வது, அம்மாவுக்கு அவர்தானே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார். ஏழைகள் விலை கேட்கத் தயங்கி உள்ளுக்குள் வெந்துபோகிறார்கள், பணம் ஒரு பொருட்டே இல்லாதவர்கள்தான் முதலில் விலை பேசிவிடுகிறார்கள், டாக்டரும் அவர்களிடம் கோபித்துக்கொள்வதில்லை என்று அவன் நினைத்துக்கொள்கிறான்.

ஒரு ராத்திரி எனக்கு மூச்சு முட்டிக்கொண்டு வந்தபோது, பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நெபுலைசர் மாஸ்கை வைத்துப் புகை புகையாக இழுத்துக்கொண்டே கண்ணாடிக் கதவு வழியாக அப்பாவைப் பார்த்தேன். பில் கவுண்டர் முன்னால் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு ஆகும் என்று அவர் வாயிலிருந்து வரவே இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்கிறோம். மேலே சொன்ன பக்கத்தைப் படித்தபோது, ஜெர்மனியில் யாரோ என் அப்பாவைப் பார்த்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். போர் நாவல் மனதைக் கெடுத்ததா என்றால், அன்றைக்கு எனக்கு அப்பாவைப் புரிந்தது, அதுதான் நடந்தது.

தமிழில் இந்த மாதிரி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, மேடையில் ஏறுவதில்லை. புறநானூறு 281, அரிசில் கிழார் பாடியது. புண்பட்டு வீடு வந்து கிடக்கும் வீரனை ராத்திரி முழுக்கக் காக்கும் பெண்கள். வீட்டில் இரவ இலையும் வேப்பிலையும் செருகுகிறார்கள், வெண்சிறுகடுகைத் தூவுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், குழல் ஊதுகிறார்கள், நறும்புகை போடுகிறார்கள். வா தோழி, அவன் புண்ணைக் காப்போம் என்கிறாள் ஒருத்தி. அம்மை போட்ட வீட்டில் எங்கள் ஆயா இன்னும் வேப்பிலை செருகுகிறார். 279-க்கும் 281-க்கும் நடுவில் ஒரே ஒரு பாட்டுதான், ஆனால் பள்ளியில் எனக்கு அந்த ஒன்றைத் தாண்ட இரண்டு வருடம் யாரும் வழி காட்டவில்லை. நவீன நாவலில் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து மெடான், பினாங்கு. மொழி முதலில் பிடி கொடுக்காது, பையனை அவசரப்படுத்தாதீர்கள்.

ஈழப் போர் பற்றிய நாவல்கள் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. என் வகுப்புத் தோழி ஒருத்தி கும்மிடிப்பூண்டி இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வருபவள். அந்தப் புத்தகங்களை நான் கொண்டுபோனால் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவாள். "எங்க அம்மா இதையெல்லாம் வீட்டுல வெச்சிக்க விடமாட்டாங்க" என்பாள். நான் வற்புறுத்தியதில்லை. படிக்காமல் இருப்பதற்கும் சிலருக்குக் காரணம் இருக்கிறது. உங்கள் குடும்பத்திலும் அப்படி ஏதாவது இருந்தால், தடுப்பதை விட அந்தக் கதையை நீங்களே அவனிடம் சொல்வது மேல்.

கவனிக்க வேண்டியவை உண்டு. படுக்கும் நேரத்தில் இந்த வகைப் புத்தகம் வேண்டாம், பகலில் படிக்கட்டும். தூக்கம் கெடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, யாரோடும் பேச்சு இல்லை, சாவைப் பற்றியே பேசுகிறான் என்றால் புத்தகத்தைப் பிடுங்குவதால் சரியாகாது. அதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கும், பள்ளியில்கூட இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவன் உங்களிடம் வாய் திறக்காவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

மார்க்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்குக் கணக்கில் குறைந்தது, அது நாவல் படிக்காமல் இருந்தாலும் குறைந்திருக்கும். வரலாற்றிலும் தமிழிலும் கூடியது. பரீட்சைக்கு முந்தைய மாதம் மட்டும் அம்மா புத்தகங்களை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள், அதில் எனக்கும் சம்மதம்தான். உங்கள் பையனுக்கு அடுத்து என்ன கொடுக்கலாம் என்று யோசித்தால் நக்கீரரின் நெடுநல்வாடையைக் கொடுங்கள். மொத்தம் 188 அடி. முழுக்க வேண்டாம் என்றால் பாசறை வரும் கடைசி இருபது அடியாவது உரையோடு படிக்கட்டும். வாடைக் காற்றும் தூறலும் அடிக்கிற நடுராத்திரியில், தூங்காமல் காயம்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கிறான் அரசன். படித்துவிட்டு உங்கள் பையன் என்ன சொன்னான் என்று கமெண்டில் எழுதுங்கள், எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.